பல பொருள், ஒரே பார்சல்

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மையார் எனக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதியிருந்தார். இணையதளத்தின் வாயிலாக அவர் என்னிடம் மூன்று சன்னபட்டணத்துப் பொம்மைகளை வாங்கியிருந்தார். பொம்மைகள் அழகாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, இறுதியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "மூன்றும் ஒரே பெட்டியில்தானே வந்தன? மூன்று பெட்டிகளுக்கான தபால் செலவை ஏன் வாங்கினீர்கள்?" அக்கடிதத்தில் கோபம் சிறிதும் இல்லை. அதனாலேயே அது என்னை மிகவும் சுட்டது.

நான் திட்டமிட்டுச் செய்த தவறன்று. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே தபால் செலவைக் குறித்து வைத்திருந்தேன். கணினி மூன்றையும் கூட்டி வாங்கிக்கொண்டது. நானோ மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பினேன். மிஞ்சிய பணம் என் கணக்கில் தங்கியதைக் கவனிக்கவில்லை. பிறர் பணத்தில் கவனக்குறைவும் ஒருவகைக் குற்றமே. அன்றே மிச்சத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கோரினேன். அந்த அனுபவத்தால் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன். மும்பையிலும் தில்லியிலும் ஐதராபாத்திலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. இவர்களுள் சிலர் வீட்டில் இருந்தபடியே அயல்நாட்டாருக்குப் பொருள் விற்கிறார்கள். ஒருவர் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை விற்கிறார். இன்னொருவர் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிறார். மற்றொருவர், இங்கிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணத்திற்குப் போய், வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகளை வாங்கி வந்து விற்கிறார். இவர்களுக்குக் கடையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. முகமறியாதவர் வைக்கும் நம்பிக்கை ஒன்றே இவர்களுடைய முதல். அந்த முதல் கரைவது பெரும்பாலும் பொருளின் விலையில் அன்று, தபால் செலவில்தான்.

அஞ்சற் கட்டணம் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் பார்ப்போம். அயல்நாட்டுக் கட்டணம் எடைப் படிகளாக வகுக்கப்பட்டிருக்கும். நம் அஞ்சல் துறையின் அயல்நாட்டு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு படி 250 கிராம். முதற்படிக்குக் கட்டணம் அதிகம். அடுத்தடுத்த படிகளுக்குக் குறைவு. கணக்கு விளங்குவதற்காக முதற்படிக்கு 1000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு படிக்கும் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை உண்மைக் கட்டணங்கள் அல்ல. நாட்டுக்கு நாடு கட்டணம் மாறும்.

ஒரு பொம்மை 200 கிராம். சிறு பெட்டி 40 கிராம். தனியே அனுப்பினால் முதற்படிக்குள் அடங்கும். மூன்று பொம்மைகளை மூன்று பெட்டிகளில் அனுப்பினால் 3000 ரூபாய் ஆகும். மூன்றையும் 130 கிராம் எடையுள்ள ஒரே பெட்டியில் வைத்தால் மொத்தம் 730 கிராம், அதாவது மூன்று படி. செலவு 1300 ரூபாய்தான். மிச்சம் 1700 ரூபாய். இந்த 1700 ரூபாய் யாருக்கு உரியது? பெட்டி கட்டியவருக்கு அன்று. பொருள் வாங்கியவருக்கே உரியது. உழைப்புக்கு ஊதியம் வேண்டுமென்றால் அதைப் பொருளின் விலையில் வெளிப்படையாகச் சேர்க்கலாம். தபால் செலவுக்குள் ஒளித்து வைத்தல் தகாது.

இதைக் கடிதம் வந்தபின் சரிசெய்வதைவிட முன்னதாகவே ஒழுங்கு செய்வது நலம். எட்சி தளத்தில் முதற் பொருளுக்கு ஒரு கட்டணமும், உடன் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வேறொரு கட்டணமும் குறிக்க இடமுண்டு. நம் உதாரணத்தில் முதற் பொருளுக்கு 1000, கூடுதற் பொருளுக்கு 150 என்று குறித்துவிட்டால் கணினியே நேர்மையாகக் கணக்கிடும். பொருள்களின் எடை வேறுபட்டால், கனமான பொருளின் கட்டணம் முதலாவதாக எடுத்துக்கொள்ளப்படும்படி அமைக்க வேண்டும். ஈபே தளத்தில், வாங்குபவர் பணம் செலுத்துமுன் மொத்தத் தொகையைக் கேட்கலாம். விற்பவர் எல்லாப் பொருள்களையும் சேர்த்து ஒரே விலைப்பட்டியல் அனுப்பலாம். பொருள் விவரத்தின் அடியில், "ஒன்றுக்கு மேல் வாங்குவோர் பணம் செலுத்துமுன் எழுதிக் கேட்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பணம் முன்பே வந்துவிட்டால், பெட்டியைக் கட்டி எடைபோட்டபின், உண்மைச் செலவு போக எஞ்சியதை அத்தளத்தின் வழியாகவே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சில தளங்கள் தபால் செலவின் மீதும் தரகு எடுக்கும். கணக்கிடும்போது அதை மறக்கலாகாது.

இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வாங்குபவர்களும் உண்டு. சேர்த்து அனுப்பும்படி அவர்கள் கேட்பார்கள். எத்தனை நாள் காத்திருப்பது? தளம் விதித்துள்ள கெடுவைத் தாண்டலாகாது. அதற்குள் ஒரு நாளைச் சொல்லி, அந்த நாளில் அனுப்பிவிட வேண்டும். அனுப்பியபின் ஒவ்வோர் ஆர்டருக்கும் எதிரே அதே பார்சல் எண்ணைப் பதிய வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பதிந்தால் மற்றவை அனுப்பப்படாதவையாகவே தோன்றும்.

சேர்த்து அனுப்புவது எப்போதும் இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, பெட்டியின் பருமன். தனியார் கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் கிலோ எடை மெய்யான எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குவது அவர்களிடையே பரவலான வழக்கம். 30, 25, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்கு இக்கணக்குப்படி எடை 3 கிலோ. உள்ளே முக்கால் கிலோப் பொருளே இருந்தாலும் 3 கிலோவுக்குத்தான் கூலி. தலையாட்டிப் பொம்மை போன்ற இலேசான, இடம் அடைக்கும் பொருள்களுக்கு இது பெரிய பொறி. பெட்டியை அளந்த பிறகே விலை சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சுங்கம். பிரிட்டனில் 2021 ஜனவரி 1-ஆம் நாள் முதல் 135 பவுன் என்பது ஓர் எல்லைக்கோடாக ஆயிற்று. அதற்கு மேற்படாத சரக்குக்கு மதிப்புக்கூட்டு வரி விற்பனையின்போதே வசூலாகும். அதைத் தாண்டினால் எல்லையில் வரி கணக்கிடப்படும். சுங்கத் தீர்வையும் சேரக்கூடும். 80 பவுன் பெறுமானமுள்ள தனித்தனி ஆர்டர்கள் இரண்டை ஒரே பெட்டியில் வைத்தால் மதிப்பு 160 பவுன் ஆகிவிடும். தபாலில் மிச்சம் பிடித்த பணம் சுங்கத்தில் போகலாம். ஆகவே வாங்குபவரிடம் நிலைமையை எழுதி, அவர் விருப்பத்தை அறிந்து செய்யுங்கள். அதற்காக ஒரே ஆர்டரைத் துண்டாடுவதும், விலையைக் குறைத்து எழுதுவதும், விற்ற பொருளை அன்பளிப்பு என்று குறிப்பதும் கூடாது. அவ்வாறு செய்யும்படி வாங்குபவரே கேட்டாலும் பணிவாக மறுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் 800 டாலர் வரையுள்ள சரக்குக்கு நெடுநாள் இருந்துவந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்டு 29-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதையொட்டி நம் அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல்களை ஏற்பதை நிறுத்தி வைத்து, தீர்வையை முன்கூட்டியே செலுத்தும் முறையில் அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. பொருளின் மதிப்பின் மீது தீர்வை விழும்போது, சேர்த்து அனுப்பினால் தபால் செலவு குறையுமேயன்றித் தீர்வை குறையாது. இந்த வேறுபாட்டை வாங்குபவருக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் நாளன்று விசாரித்துக்கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது, இழப்பு. மூன்று பார்சல்களில் ஒன்று தொலைந்தால் மூன்றில் ஒரு பங்கு நட்டம். ஒரே பார்சல் தொலைந்தால் முழு நட்டம். மதிப்பு மிகுந்த பொருளை இன்ஷூர் செய்யுங்கள். ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொன்றையும் தனியே சுற்றி வையுங்கள். அதற்கான தாளும் அட்டையும் எடையில் சேரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி, காகித வேலை. சுங்க அறிவிப்புப் படிவத்தில் "பொம்மைகள்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடாமல், ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியில் குறிக்க வேண்டும். வியாபாரமாகச் செய்வோர் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுவது அவசியம். 2022-இல் தொடங்கப்பட்ட அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் இப்பணிகளில் சிறு வியாபாரிகளுக்கு உதவுகின்றன. 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்று கேட்டால், நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அருகிலுள்ள மையத்தைக் காட்டுவார்கள்.

நேயர்களே, அந்த இங்கிலாந்து அம்மையார் பிறகு என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கக்கூடும். திருப்பி அனுப்பிய பணம் சேர்ந்ததாக ஒரு வரி எழுதினார். இரண்டு மாதம் கழித்து, தம் பேரக் குழந்தைகளுக்கென்று மேலும் ஐந்து பொம்மைகள் வாங்கினார். இம்முறை பணம் செலுத்துமுன் அவர் எதையும் கேட்கவில்லை. நானே மொத்தக் கணக்கை எழுதி அனுப்பினேன்.