வளைந்த வளையம்



போர்ஃபிரின் நமக்குப் புதியதல்ல. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம், நடுவில் இரும்பு அமர்ந்த போர்ஃபிரின். கொரட்டூர் ஏரிக்கரைச் செடிகளின் பச்சையம், நடுவில் மெக்னீசியம் அமர்ந்த அதன் பங்காளி. நான்கு பிரோல் வளையங்களை நான்கு கார்பன்கள் பாலமாக நின்று இணைக்கும் பெருவளையம் இது. அதில் 18 பை எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் தங்காமல் சுற்றிலும் பரவியிருக்கின்றன. நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

இதைச் செயற்கையாக ஆக்குவது எப்படி? ஹீமின் அமைப்பை உறுதிசெய்த ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கல்லூரி ஆய்வகத்துக்குக் கைகொடுத்தது 1967இல் ஆட்லரும் லாங்கோவும் வெளியிட்ட முறை. கொதிக்கும் புரோபியானிக் அமிலத்தில் பிரோலையும் பென்சால்டிகைடையும் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். குடுவை கருத்துவிடும், கெட்டுப்போயிற்று என்றே புதியவர் நினைப்பார். ஆறவைத்து வடிகட்டி, மெத்தனாலால் கழுவக் கழுவத் தார் போன்ற கசடு போய், வடிதாளில் ஊதாப் படிகங்கள் மின்னும். விளைச்சல் நூற்றுக்கு இருபதுதான். அமிலத்தின் புளித்த நெடி சட்டையை விட்டுப் போகாது. ஆவடி மின்ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஊதாவை முதலில் கண்ட நாள் எனக்கு இன்னும் பசுமையாக நினைவிருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த படி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பைரப்பாவும் வி. கிருஷ்ணனும் இதே மூலக்கூறின் விளிம்பில் எட்டு ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு எட்டு புரோமின்களை வைத்தார்கள்; கட்டுரை 1991இல் வந்தது. முதலில் நடுவில் தாமிரத்தை அமர்த்தி, புரோமினேற்றி, பிறகு அமிலத்தால் தாமிரத்தைக் கழற்றும் வழி அது. பைரப்பா பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்து இந்தத் துறையைத் தொடர்ந்து வளர்த்தார்.

புரோமின் பருத்த அணு. எட்டுக்கும் இடம் போதாமல் தட்டையான வளையம், எண்ணெயில் இட்ட அப்பளம் போல ஓரிடம் மேலும் ஓரிடம் கீழுமாக நெளிகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷாஃப்ட் வளைந்தால் ரிஜெக்ட். இங்கே வளைவைக் கணக்கில் எடுக்காமல் எதையும் விளக்க முடியாது. புரோமின் எலக்ட்ரானை இழுப்பதால், எலக்ட்ரான் நிறைந்த ஆற்றல் மட்டமும் காலி மட்டமும் இரண்டுமே தாழ வேண்டும். வளைவோ நிறைந்த மட்டத்தை மேலே தூக்குகிறது. ஆகவே அது ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்க, காலி மட்டம் மட்டும் இறங்குகிறது; இடைவெளி சுருங்குகிறது. 418 நானோமீட்டரில் இருந்த ஒளி உறிஞ்சுபட்டை 470 அருகே நகர்கிறது. எலக்ட்ரானை ஏற்பதும் எளிதாகிறது.

மட்டங்களை இப்படி வேண்டிய இடத்தில் நிறுத்தும் கலையே சூரியமின் கலம் வரை போனது. ஒருபுறம் எலக்ட்ரானைத் தள்ளும் தொகுதி, மறுபுறம் இழுத்து டைட்டானியம் டை ஆக்சைடில் ஒட்டும் தொகுதி என அமைந்த துத்தநாகப் போர்ஃபிரின், 2014இல் சுவிட்சர்லாந்தில் சாயம் ஏற்றிய சூரியமின் கலத்தின் திறனை 13 விழுக்காட்டுக்கு உயர்த்தியது.

மேசையில் இரண்டு சீசாக்கள் வைத்திருக்கிறேன். ஊதாவில் புரோமின் இல்லை, பச்சையில் எட்டு. விளக்குகளை அணைத்து இந்தப் புற ஊதா டார்ச்சை அடித்தால் முதல் சீசா சிவப்பாக ஒளிரும். இரண்டாவது இருண்டே இருக்கும். கனமான புரோமின்கள் கிளர்ந்த எலக்ட்ரானை வேறு வழியில் திருப்பிவிடுகின்றன. பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் வாருங்கள்.