இரும்பும் சோர்வுறும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் அளவே படித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என்னை முனைவர் பட்ட ஆராய்ச்சி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். பொருள்கள் ஏன் முறிகின்றன என்னும் ஆராய்ச்சி நம் தண்டவாளத்தோடு உறவுடையதாகையால் துணிந்தேன்.

1842 மே 8ஆம் நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றின. கதவுகளைப் பூட்டிவைப்பது அங்கே அந்நாள் வழக்கம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாள்தோறும் ஓடிய அச்சு திடீரென முறிவானேன்?

பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் என்பார் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து விடை கண்டார். சுமை தாங்கிச் சுழலும் அச்சின் மேற்பரப்பு, சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்குண்ணும். நம் பெட்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 3 மீட்டர். 1,000 கிலோமீட்டர் ஓடினால் மூன்று லட்சம் சுற்றுக்கு மேல்! ஒருமுறையில் ஒன்றும் செய்யாத சுமை, பலகோடி முறையில் மயிரிழைக் கீறலை உண்டாக்கும். கீறல் மெல்ல வளர, எஞ்சிய உலோகம் தாங்காத கணத்தில் முறியும். உலோகச் சோர்வு என்பது இதுவே.

பழங்கதை எனல் வேண்டா. 1998 ஜூன் 3இல் ஜெர்மனியின் எஷடேயில், 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ரயிலின் சக்கர வளையம் இவ்வாறே முறிந்து 101 பேர் இறந்தனர். நம் பணிமனையில் கேளா ஒலிக் கருவிகொண்டு அச்சுகளைச் சோதிக்கும் தோழர்கள் தேடுவது இக்கீறலைத்தான்.

இப்போது புதுப் பொருள்களும் வந்துள்ளன. கார்பன் இழைகளைப் பிசினில் பதித்த அடுக்குப் பொருளில், உள்ளே அடுக்குகள் பிரிந்தும் வெளியே ஒன்றும் தெரியாதிருக்கலாம். உலோகத்தூளை லேசரால் உருக்கி வார்த்த பாகத்திலோ, எஞ்சிய நுண்துளையிலிருந்து கீறல் தொடங்கும். இவை எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட ஆராய்ச்சி மாணவர் வேண்டும்.

நிற்க. நம் கரக்பூரிலேயே 1951இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இருக்கிறது, ஜாம்ஷெட்பூரில் 1950இல் திறந்த தேசிய உலோகவியல் ஆய்வகம் சில மணி நேரப் பயணம். இயந்திரவியலோ உலோகவியலோ பயின்று, கேட் தேர்வில் நன்மதிப்பெண் பெற்றவர் நேர்காணலுக்குச் செல்லலாம். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. தந்தையார் கடன் வாங்க வேண்டுவதில்லை.

“இன்னும் ஐந்தாண்டா? பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது?” எனத் தாய்மார்கள் முணுமுணுப்பது செவியில் விழுகிறது. ஐந்தாண்டு மெய்தான், ஆறும் ஆகலாம். ஒரு சோதனைத் துண்டை, நொடிக்குப் பத்து வீதம், கோடி முறை வளைக்கவே பதினொரு நாளுக்கு மேலாகும். அப்பொறுமை எல்லோர்க்கும் இராது. இல்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டா. ஆனால் விரும்பிக் கேட்கும் பெண்ணுக்கு, “வங்கித் தேர்வு எழுது” என்பதே விடையாகலாமா?

விண்ணப்பம் நிரப்புவது மட்டும் இக்குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை. ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன்; பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலுடன் வரட்டும்.