"ஊரைக் காலி செய்" என்றால் போதுமா?

(தொழிற்சங்க ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "புயல் வருகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அப்புறமும் ஜனங்கள் போகாமல் உட்கார்ந்திருந்தால் குற்றம் யாருடையது?" நியாயமான கேள்வி. அன்று நேரமில்லை, இன்று பதில் சொல்கிறோம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். பணமில்லை, மோட்டார் இல்லை, வானிலை சாஸ்திரம் தெரியாது என்று அந்த நாட்டுச் சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாதல்லவா?

2005 ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை. காட்ரீனா என்ற பெரும் புயல் மெக்ஸிகோ வளைகுடாவில் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் வரை வேண்டுகோள்தான். ஞாயிறு காலையில்தான் மேயர் ரே நாகின் கட்டாயமாக வெளியேறும்படி உத்தரவு போட்டார். திங்கள் காலையில் புயல் கரையேறிவிட்டது. நாலரை லட்சம் ஜனங்கள் வாழ்ந்த நகரத்துக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நாள் கூட இல்லை!

மோட்டார் உள்ளவர்கள் போனார்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கங்களையும் வெளியே போகும் பாதையாகவே திருப்பிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். நல்ல ஏற்பாடுதான், எதிரியானாலும் செய்ததைச் செய்ததென்றே சொல்வோம்.

மோட்டார் இல்லாதவர்கள்? சுமார் 1 லட்சம் பேருக்குச் சொந்த வாகனம் இல்லை என்று அதிகாரிகளின் திட்டக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? மாதக் கடைசி வேறு. உபகாரச் சம்பளமும் உதவித் தொகையும் முதல் தேதிக்குத்தான் வரும். கையில் காசில்லாத கிழவி எங்கே போவாள்? எந்த ஹோட்டலில் தங்குவாள்? 28-ந் தேதி வீட்டில் எவ்வளவு பணம் இருக்கும் என்று இங்கே உள்ள தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூட பஸ்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஓட்டுகிறவனுக்கும் குடும்பம் உண்டே. அதை முதலில் எங்கே சேர்ப்பது, அவனை எப்போது அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டாமா? ராணுவப் பொறியாளர்கள் கட்டிய வெள்ளக் கரைகள் உடைந்தன. நகரத்தில் 100-க்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. வரிசையாக நின்ற அந்த பஸ்களும் மூழ்கின. அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

சூப்பர்டோம் என்ற விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் அடைபட்டார்கள். கூரை பிய்ந்தது, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, கக்கூஸ் இல்லை. மாநாட்டு மண்டபத்திலும் இதே கதி. அங்கிருந்தவர்களை ஏற்றி முடிக்க செப்டம்பர் 3 ஆகிவிட்டது. லூசியானாவில் மாண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள்.

இதில் நமக்கு ஆத்திரம் வருவது எதனால் தெரியுமா? ஓராண்டுக்கு முன்பே, 2004 ஜூலையில், 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து, இதே நகரம் மூழ்கினால் என்ன செய்வது என்று அதிகாரிகள் ஐந்து நாள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். 60,000 பேர் சாவார்கள் என்று கணக்குக்கூடப் போட்டார்கள். கணக்குப் போட்டவர்கள் பஸ்ஸுக்கு ஆள் போடவில்லை!

எல்லோரையும் ஒரே சமயத்தில் கிளப்பினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த மாதமே ரீட்டா புயல் வந்தது. நியூ ஆர்லியன்ஸைப் பார்த்துப் பயந்துபோயிருந்த ஹூஸ்டன் பிரதேசத்தில் 25 லட்சம் பேர் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். வண்டிகள் நாள் முழுவதும் நகரவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, வெயிலில் மனிதர்கள் சுருண்டு விழுந்தார்கள். செப்டம்பர் 23 அன்று முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் டல்லாஸ் அருகே தீப்பிடித்தது. 23 பேர் வெந்து மடிந்தார்கள். புயல் கரையேறியது மறுநாள்தான்.

அதற்கு முந்திய ஆண்டு, 2004 செப்டம்பரில், ஐவன் புயலின்போது சின்னஞ்சிறு கியூபா 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தியது. உயிர்ச் சேதம் இல்லை. தெருத் தெருவாக எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கர்ப்பிணி என்பது அக்கம்பக்கத்துக் கமிட்டிக்குத் தெரியும். அங்கும் 2005 ஜூலையில் டென்னிஸ் புயலில் 16 பேர் மாண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் பாடம் படிக்கவில்லையா? கொஞ்சம் படித்தது. 2008-ல் குஸ்டாவ் புயல் வந்தபோது குறித்த இடங்களில் பஸ் நின்றது, ரயிலும் புறப்பட்டது. வாகனமில்லாத சுமார் 18,000 பேர் வெளியேறினார்கள். நாயை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று எத்தனையோ பேர் 2005-ல் வீட்டிலேயே தங்கினார்கள் அல்லவா, அதற்காக 2006-ல் ஒரு சட்டமே வந்தது. சிரிக்காதீர்கள் தோழர்களே, நம் ஊரில் பசுவை அவிழ்க்காமல் எவள் கிளம்புவாள்?

ஆனால் 2021 ஆகஸ்டு 29-ல், காட்ரீனா வந்த அதே தேதியில், ஐடா புயல் வந்தது. கடலில் திடீரென்று பலத்துவிட்டது. சாலைகளைத் திருப்பிவிடவே மூன்று நாள் வேண்டும். அவ்வளவு நேரமில்லை என்று நகரம் முழுவதற்கும் கட்டாய உத்தரவு போடவில்லை. முதியோர் இல்லங்களோ முன்னதாகக் காலி செய்தன. எங்கே? ஏழு இல்லங்களின் 800-க்கும் மேற்பட்ட முதியோரைக் கொண்டுபோய் ஒரே கிடங்கில் தரையில் படுக்கை போட்டுக் கிடத்தினார்கள். சிலர் அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. அவர்களும் கணக்கில் "வெளியேற்றப்பட்டவர்கள்"தான். கேள்வி கேட்ட தோழரே, அவர்கள் யாரும் போகமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கவில்லை.