திரும்பி வந்த செக்கும் நாள் கணக்கும்

(கோலார் தங்கவயலில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, அரசாங்க உத்தியோகத்தில் பல வருஷங்கள் பைல்களோடு குடித்தனம் செய்து ஓய்வு பெற்றவன். இன்று நான் பேசப்போவது என் வாழ்வில் இரண்டு முறை பார்த்த ஒரு விஷயம். முதல் முறை நான் ஒரு நண்பருக்குத் தவறான யோசனை சொன்னேன். இரண்டாம் முறை அந்த அடி என் மேலேயே விழுந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. நூற்றிருபது வருஷ ஊர், ஒரே நாளில் சங்கு ஊதாத ஊராயிற்று. அப்போது எங்கள் தெருவில் சுரங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். தமக்கு வந்த பி.எப். பணத்தில் 60,000 ரூபாயைத் தெரிந்த வியாபாரி ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். 2002இல் வியாபாரி கொடுத்த செக் திரும்பி வந்தது. நண்பர் என்னிடம் வந்து, "என்ன ஓய் செய்யலாம்?" என்று கேட்டார். "நல்ல மனுஷர்தானே, கொஞ்சம் பொறுத்துப் பாரும். கோர்ட்டு கச்சேரி நமக்கு வேண்டாம்" என்றேன்.

அவரும் பொறுத்தார். அடுத்த மாதம் போடுங்கள், அதற்கடுத்த மாதம் போடுங்கள் என்று வியாபாரி சொல்லச் சொல்ல, செக்கின் ஆயுள் முடிய நான்கு நாள் இருக்கும்போது கடைசியாக வங்கியில் போட்டார். மறுபடியும் திரும்பியது. பிறகு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பும்போது இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. அன்றைய சட்டப்படி நோட்டீஸுக்குப் பதினைந்து நாள்தான். செக் வழக்கு அதோடு போயிற்று. மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போட வழி இருந்தது. ஆனால் அவருக்கு அதற்குத் தெம்பில்லை. பணம் வராமலேயே அவர் காலமானார். அவர் ஆத்து மாமி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இருபது வருஷம் கழித்து என் முறை வந்தது. குடும்ப நண்பரின் மகன், பெங்களூரில் தொழில் செய்பவர், "மாமா, ஆறு மாசத்துல திருப்பிடறேன்" என்று 2,50,000 ரூபாய் கேட்டார். வட்டி வேண்டாம் என்று சொல்லி வங்கி மூலம் அனுப்பினேன். 2022 அக்டோபர் 10 தேதியிட்ட செக் ஒன்று கொடுத்தார். ராபர்ட்சன்பேட்டையில் என் கணக்கில் போட்டேன். அக்டோபர் 14 அன்று, கணக்கில் போதிய பணம் இல்லை என்ற வங்கிச் சீட்டோடு அது திரும்பி வந்தது.

ஆத்துக்காரி, "கோர்ட்டுக்குப் போனா நாலு பேர் என்ன சொல்வா?" என்றாள். எனக்கும் அதே தயக்கம்தான். ஆனால் நண்பரின் முகம் கண்முன் வந்தது. அன்று மாலையே காலண்டரை எடுத்து நாள் எண்ணத் தொடங்கினேன். பரிசோதனைச் சாலையில் நேரத்தைக் குறிக்காவிட்டால் முடிவு செல்லாது. இந்தச் சட்டமும் அப்படித்தான்.

செலாவணி முறிச் சட்டம் 1881ஆம் வருஷத்தியது. செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆவது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. 2002 திருத்தத்தின்படி தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நாள் கணக்கைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதம். இரண்டு, செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் தொகை எவ்வளவோ அதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். மூன்று, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கொடுத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் அவசரப்பட்டு வழக்குப் போட்டால் செல்லாது. நான்கு, அந்த அவகாசம் முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இந்தக் கடைசிக் கெடுவில் மட்டும் தாமதத்தைக் கோர்ட் மன்னிக்கலாம்.

என் விஷயத்தில் அக்டோபர் 21 அன்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிற்று. 27ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினார். நவம்பர் 11 வரை பொறுத்தோம். பணம் வரவில்லை. 28ஆம் தேதி புகார் தாக்கலாயிற்று. (பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. எதில் அனுப்பினாலும் ரசீதையும் சேர்ந்த அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். சரியான விலாசத்துக்கு அனுப்பியும் வாங்காமல் தட்டிக் கழித்தால் அது சேர்ந்ததாகவே கருதப்படும்.)

எந்த ஊரில் வழக்கு? பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது முக்கியம். 2014இல் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்கு என்றது. அந்த நிலை நீடித்திருந்தால், என் வயதில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போயிருப்பேன். 2015 திருத்தம் இதை மாற்றியது. கணக்கில் போட்ட செக்குக்கு, பணம் பெற வேண்டியவரின் கணக்குள்ள வங்கிக் கிளை எங்கேயோ, அந்த ஊர் கோர்ட். ஆகவே நம் தங்கவயல் கோர்ட்டிலேயே நடந்தது.

எதிர்த்தரப்பில், "அது செக்யூரிட்டிக்காகக் கொடுத்த வெற்று செக், கடனே இல்லை" என்றார்கள். கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகவே செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் அனுமானிக்கும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு கொடுத்தவரைச் சேர்ந்தது. நம் கர்நாடகத்திலிருந்து போன 45,000 ரூபாய் செக் வழக்கு ஒன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. செக் தொலைந்துவிட்டது என்று சொல்லி வங்கியில் பணத்தை நிறுத்தச் சொன்னதும் அங்கே எடுபடவில்லை. இருந்தாலும், நான் பணம் அனுப்பிய பாஸ்புக் பதிவுதான் எனக்குப் பெரிய பலம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ஆகவே கடன் கொடுத்தால் வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 2019 முடிவில் நாட்டில் 35.16 லட்சம் செக் வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஆகவே பொறுமை வேண்டும். 2018 திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு கேட்கலாம். கொடுப்பது கோர்ட்டின் விருப்பம்.

என் வழக்கு 2024இல் லோக் அதாலத்தில் முடிந்தது. நான்கு தவணையில் முழுத் தொகையும் வந்தது. லோக் அதாலத் தீர்ப்பு சிவில் டிகிரிக்குச் சமம். தவணை தவறினால் அதைக்கொண்டே வசூலிக்கலாம். கையெழுத்திட்ட அன்று அந்தப் பிள்ளை, "மாமா, நோட்டீஸ் வந்தப்போ கோபமா இருந்தது. அது வரலேன்னா நான் உங்களைப் பார்க்காமலே ஒளிஞ்சிண்டிருப்பேன்" என்றார். சென்ற மாதம் எங்கள் ஆத்துக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நோட்டீஸ் அனுப்பினால் உறவு கெடும் என்று பயந்தேன். என் அனுபவத்தில், அனுப்பாத இடத்தில் பணமும் போயிற்று, மனிதரும் போனார். அனுப்பிய இடத்தில் இரண்டும் மிஞ்சின. ஆகவே செக் திரும்பினால் சண்டை போட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அன்றே காலண்டரைப் பாருங்கள், அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். அதேபோல், கணக்கில் பணமில்லாமல் நாமும் யாருக்கும் செக் எழுத வேண்டாம். வெற்று செக்கில் கையெழுத்தும் போட வேண்டாம்.

என் நண்பரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய இந்த யோசனையை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.