அடிப்படை வங்கிக் கணக்கு: பயனீட்டாளர் கேட்டுப் பெற வேண்டிய உரிமை

தோட்டங்களில் சம்பள நாளன்று தொழிலாளர்கள் ஆபீஸ் வாசலில் வரிசை பிடித்து நின்று, பணத்தைக் கையில் எண்ணி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அன்று வங்கிக் கணக்கு என்பது வசதி படைத்தவர்களின் காரியம். இன்று நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்கிறது. ரொக்கமாக வேண்டுமென்றால் தொழிலாளியே எழுத்து மூலம் கேட்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் ஒப்புதலும் தேவை. ஊழியர் சேமநிதிப் பணமும் அரசாங்க உதவித் தொகையும் பெரும்பாலும் கணக்கு வழியாகவே வந்து சேர்கின்றன.

ஆகவே வங்கிக் கணக்கு, தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகிவிட்டது. அடிப்படைத் தேவைகள் நிறைவு பெறுவது பயனீட்டாளரின் எட்டு உரிமைகளில் ஒன்று. ஐக்கிய நாட்டு நிறுவனம் 1985ல் ஏற்றுக்கொண்ட பயனீட்டாளர் பாதுகாப்பு வழிகாட்டி 2015ல் திருத்தப்பட்டபோது, நிதிச் சேவைகளும் அதில் இடம் பெற்றன.

20 ரிங்கிட் போதும்

மலேசியாவில் பேங்க் நெகாரா 2005ல் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, அடிப்படை நடப்புக் கணக்கு என்ற இரண்டு திட்டங்களைக் கொண்டு வந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதைத் திறக்கலாம். எனவே சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் முதியவர்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. சேமிப்புக் கணக்கைத் திறக்க 20 ரிங்கிட் போதும். மாதத்தில் 6 முறை முகப்பிலும், 8 முறை அதே வங்கியின் ஏடிஎம் இயந்திரத்திலும் கட்டணமின்றிச் சேவை பெறலாம். வேறு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுத்தால் ஒரு ரிங்கிட் வரை கட்டணம் பிடிக்கப்படலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. வங்கிக்குப் போகிறவரிடம் அதிக முன்பணம் தேவைப்படும் கணக்கையோ, காப்புறுதியோடு சேர்ந்த திட்டத்தையோ எடுத்துச் சொல்வார்கள். அவரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 'அக்காவுன் சிம்பானான் அசாஸ்' வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேட்பதே இதற்கு நல்ல வழி.

கடன் பாக்கி இருப்பவர்களில் பலர் தங்களுக்குக் கணக்கு கிடைக்காது என்று நினைத்து வங்கிப் பக்கமே போவதில்லை. சேமிப்புக் கணக்கு கடன் அல்ல. அவர் போட்டு வைப்பது அவருடைய சொந்தப் பணம். ஆனால் பாக்கி வைத்த அதே வங்கியில் கணக்கு திறந்தால், அந்தப் பணத்தைப் பாக்கிக்கு ஈடுகட்டிக் கொள்ள வங்கிக்கு இடம் உண்டு. வேறு வங்கிக்குப் போவது நல்லது. திவாலானவர்கள் முதலில் திவால் இலாகாவை அணுகிக் கேட்க வேண்டும்.

ஆவணம் இல்லாதவர் கதி

எல்லாரையும் விடச் சிக்கலில் இருப்பவர்கள் அடையாள ஆவணம் இல்லாதவர்கள். பிறப்புப் பதிவு விடுபட்டுப் போனதால் இந்நாட்டிலேயே பிறந்தும் ஆவணமின்றி வாழ்கிறவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். பணச் சலவையைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடிக்கையாளர் யார் என்பதை வங்கி உறுதி செய்தாக வேண்டும். அதற்கு ஆவணம் தேவை. அது இல்லாதவருக்குக் கதவு அடைபடுகிறது.

கதவு அடைபட்டதும் அவர் என்ன செய்வார்? மைத்துனர் கணக்கையோ, பக்கத்து வீட்டுக்காரர் கணக்கையோ கொடுத்துச் சம்பளத்தை அதில் போடச் சொல்வார். பணம் இவர் உழைத்தது, பெயர் இன்னொருவருடையது. கணக்குக்காரர் திடீரென இறந்துவிட்டால் கணக்கு முடக்கப்படும். பணம் தன்னுடையது என்று நிரூபிக்க இவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. மோசடிக் கும்பல்கள் பிறர் கணக்குகளைப் பயன்படுத்துவதைத் தடுக்க, 2024ல் தண்டனைச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. கணக்கை இரவல் கொடுப்பது இன்று உதவி செய்தவரையும் விசாரணைக்கு இழுத்துவிடக் கூடிய காரியம்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரான்சில் 1984ஆம் ஆண்டு வங்கிச் சட்டமே கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. ஒரு வங்கி மறுத்தால் மத்திய வங்கி இன்னொரு வங்கியைக் குறிப்பிட்டுக் கணக்குத் திறக்கச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு உத்தரவு, நிரந்தர முகவரி இல்லாதவருக்கும் அடைக்கலம் கோருவோருக்கும் அடிப்படைக் கணக்கு உண்டு என்கிறது. முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இந்த இரண்டு ஏற்பாடுகள் இங்கேயும் வர வேண்டும். மறுக்கும் வங்கி காரணத்தை எழுதித் தரட்டும். குடியுரிமைக்கு மனுச் செய்து காத்திருப்பவருக்கு, தொகைக்கு ஒரு வரம்பு வைத்தாவது ஒரு கணக்குத் தரப்படட்டும். இதைக் கேட்க வேண்டியது பயனீட்டாளர் சங்கங்களின் கடமை.

பயனீட்டாளர் செய்ய வேண்டியவை

வங்கி மறுத்தால், மறுத்த தேதி, கிளை, சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முதலில் அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். பயனில்லை என்றால் பேங்க் நெகாராவுக்கு எழுதலாம்.

கிளை இல்லாத ஊர்களில் இருப்போர், வங்கி முகவர்களாக நியமிக்கப்பட்ட கடைகளைப் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாடு 2012 முதல் நடப்பில் உள்ளது. பணம் போட்டதற்கும் எடுத்ததற்கும் ரசீது வாங்காமல் கடையை விட்டு வரக்கூடாது.

கணக்கைத் திறந்து போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. 7 ஆண்டுகள் தொடாமல் கிடந்தால், கோரப்படாத பணமாக அது அரசாங்கத்திடம் போய்விடும். திரும்பப் பெறத் தனியாக மனுச் செய்து அலைய வேண்டும்.

ஏடிஎம் கார்டையும் இரகசிய எண்ணையும் பிள்ளைகளே ஆனாலும் கொடுத்து வைக்காமல் இருப்பது நல்லது. வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் கார்டை அடகு வைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கார்டு அவர் கையில் இருக்கும் வரை, சம்பளமும் அவர் கையில்தான்.