ஆறு அங்குலப் படி



வெள்ளவத்தையிலே காலி வீதியின் இரு மருங்கும் நெருங்கி நிற்கும் கடைகளுள், படியேறாமல் உட்புகக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. ஆறு அங்குல உயரமுள்ள ஒரு படி, நடக்கக்கூடியவரின் கண்ணுக்குப் படுவதேயில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அது மதில். சேலை வாங்க வந்த பெண்மணி வீதியோரத்தில் நின்றுவிட, கடைச் சிப்பந்தி நான்கைந்து சேலைகளை வெளியே கொண்டுவந்து காட்டுவார். நல்ல மனத்துடனேதான் அவர் அதைச் செய்கிறார். ஆயினும் அலுமாரி நிறையச் சேலை இருக்க, அவள் தெரிந்தெடுக்கக்கூடியது அந்த நான்கைந்தில் ஒன்றைத்தான்.

வேறு சில இடங்களில் இரண்டு இளைஞர் ஓடிவந்து, நாற்காலியோடு ஆளையும் தூக்கி உள்ளே வைப்பர். பலரும் பார்த்திருக்க, விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்துடன், ஒரு மூட்டையைப் போல அவர் உள்ளே போகிறார். திரும்பி வெளியே வருவதற்கு மறுபடியும் இருவரைத் தேட வேண்டும். உதவியைக் குறை கூறுவது நன்றன்று. ஆனால் படி இருக்கும்வரையில் உதவி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதை, உதவுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதனை இலங்கை மக்களுக்கு ஓயாது எடுத்துரைத்தவர் அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியல் கற்றவர், கிரிக்கெட் ஆட்டங்களில் நடுவராக நின்றவர். 1992 ஆம் ஆண்டிலே, ஓடிக்கொண்டிருந்த அவருடைய மோட்டார் வண்டியின்மீது வீதியோர மரமொன்று சாய்ந்து விழுந்தது. அன்று செயலிழந்த கால்கள் பின்னர் தேறவில்லை. 2020 இல் மறையும்வரை அவர் சக்கர நாற்காலியிலே வாழ்ந்தார். அதிலிருந்தபடியே எழுதினார், வாதாடினார். பொதுக் கட்டடங்களுக்குச் சென்று வாயிலையும் மலசலகூடத்தையும் கவனித்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று கூறிவந்தார். அவர் யாரிடமும் இரக்கத்தை வேண்டவில்லை. கதவு அகலமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

அவருடைய கேள்விக்குச் சட்டத்தின் ஆதாரமும் இருந்தது. உடற்குறையைக் காரணமாகக் காட்டி ஒருவரைப் பொது இடத்திலிருந்து விலக்கலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. பொதுக் கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. வர்த்தமானி வெளிவந்தது, படிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். 2009 ஏப்ரல் 27 ஆந் திகதி நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சாசனத்தை 2016 இல் இலங்கை உறுதிப்படுத்தியது.

இத்தனைக்குப் பின்னரும் குறை எங்கே நிற்கிறது? பெரும்பாலும் அளவிலேதான். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று இரண்டடியில் சரித்துவிட்டால், ஏறுபவரின் நாற்காலி பின்புறமாகக் கவிழும். அத்தகைய சாய்தளம் சரக்கு வண்டி தள்ளுவதற்கு உதவலாம், மனிதருக்கு உதவாது. சரியாகக் கட்டப்பட்ட சாய்தளத்தின் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போகிறவர்களும் உண்டு. அதற்கு எந்த நீதிமன்றத்தை நாடுவது?

கொட்டாஞ்சேனையின் சங்கடம் சற்று வேறுவிதமானது. அங்கே ஒடுங்கிய தெருக்களும் பழைய வீடுகளும் மிகுதி. தெருவையொட்டியே வாயிற்படி எழும்பும் வீட்டுக்கு ஆறடிச் சாய்தளம் அமைத்தால், அது தெருவின் நடுவில் வந்து முடியும். இங்கே கழற்றி வைக்கக்கூடிய பலகையே தகுந்த வழி. வேண்டும்போது விரித்து, பின்னர் சுவரோடு சார்த்தலாம். ஆனால் அதைப் பிடித்து வைக்க இன்னொருவர் வேண்டும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்போர் மின்தூக்கியை நம்பியிருப்பவர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியபோது, ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வீடே சிறையாகியிருக்கும். முழங்கால் நோவுள்ள முதியவர்களும் அந்நாட்களில் அதே சிறையை ஓரளவு அறிந்திருப்பர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு இடர்ப்பாடு உண்டு என்று காட்டியது.

அருகிலிருக்கும் கடலையும் நினைக்க வேண்டும். வெள்ளவத்தைக் கடலுக்கும் ஊருக்கும் இடையே இருப்புப்பாதை ஓடுகிறது. தண்டவாளத்தையும் சல்லிக் கல்லையும் கடந்தே மணலில் கால் வைக்க முடியும். சக்கரம் அங்கே செல்லாது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில், மணலின்மேல் நீரருகுவரை மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே புயல் அதைச் சிதைத்தது; பின்னர் செப்பனிட்டார்கள். வாழ்நாளெல்லாம் சென்னையில் இருந்தும் அலையைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள், அந்தப் பாதை வழியாக அதன் அருகே சென்றார்கள்.

வெள்ளவத்தையிலே அதற்கு முதலில் இருப்புப்பாதையைக் கடக்க ஒரு வழி வேண்டும். அது பெரிய வேலை. புகையிரதத் திணைக்களமும் மாநகர சபையும் கூடிப் பேச வேண்டியது. கடை வாயிலுக்கு அவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுகிற முதலாளி, தரையில் சீமெந்து போடுமுன் கொத்தனாரின் கையிலிருக்கும் அளவுநாடாவை ஒருமுறை வாங்கி, வீதி மட்டத்திலிருந்து வாயில் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளலாம்.