கயிறு கட்டி இழுத்த கதை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்பியல் படித்துவிட்டு வேடசந்தூரில் ஒர்க் ஷாப் வைத்தவன் எங்கள் செட்டில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "எனக்குத் தெரிந்தது கிரீஸும் நட்டும்தான், அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், பத்து நிமிஷத்தில் முடித்துவிடுங்கள்" என்றார். ஆகவே ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதோடு முப்பது வருஷத்துக்கு மேலாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இருக்கிறது.

1993-ம் வருஷம். என் வகுப்புத் தோழன் ஒருவன், தன் மச்சானுடைய மாருதி 800 காரை இரவல் வாங்கிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினான். திண்டுக்கல்லில் இருந்து வரும் வழியில், தாடிக்கொம்பு தாண்டியதும் கார் நின்றுவிட்டது. எனக்குத் தகவல் வந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து பார்த்தால் டைமிங் பெல்ட் அறுந்து கிடக்கிறது. ரோட்டில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை. திண்டுக்கல்தான் பக்கம், ஆனால் அங்கே கொண்டு போனால் கூலி வேறு ஆளுக்குப் போய்விடும் அல்லவா? கிணற்றுக்கு வாங்கி வைத்திருந்த தேங்காய் நார்க் கயிறு ஜீப்பில் கிடந்தது. அதை எடுத்து முன்னால் ஒரு முடிச்சு, பின்னால் ஒரு முடிச்சு போட்டேன். "நீ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார், நான் மெதுவாக இழுக்கிறேன்" என்றேன்.

உட்கார்ந்தவன் கேட்டான்: "சாவி ஆன்லேயே இருக்கட்டுமாடா?" நான் சொன்னேன்: "இன்ஜின்தான் ஓடலையே, பாட்டரி சும்மா இறங்கிடும். எடுத்துச் சட்டைப் பையில போடு."

இதைச் சொன்னது நான். அவன் இல்லை.

அதுவரைக்கும் நான் கை வைத்த வண்டிகள் ஜீப், லாரி, டிராக்டர். அவற்றில் சாவியை எடுத்தால் இன்ஜின் நிற்கும், அவ்வளவுதான். மாருதியில் சாவியை அழுத்தித் திருப்பி வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், திருடன் ஓட்டிப் போகாமல் இருப்பதற்காக. சாவியை எடுத்த உடனே தெரியாது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பும்போது உள்ளே ஒரு கட்டை பள்ளத்தில் விழுந்து 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். நேர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வளைவு வந்தது. ஜீப் திரும்பியது, கார் திரும்பவில்லை. பிரேக்கை அவன் மிதித்திருக்கிறான், அதற்குள் கயிறு பக்கவாட்டில் இழுத்து அறுந்து, கார் நேராகப் போய்ப் புளியமரத்தில் மோதியது. அந்தக் காலத்து ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் புளியமரம்தான். நான் போன வேகம் முப்பது, முப்பத்தைந்து இருக்கும். அவனுடைய வலது முழங்கால் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மச்சான் வந்து, "எந்தக் கூறுகெட்டவன் சாவியை எடுத்தது?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் படுத்திருந்தவன், "நான்தான் மாமா எடுத்தேன்" என்றான். நான் சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்குச் சும்மா இருந்தவன் மறுநாளும் சும்மா இருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் "சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கார் ஓட்டின ஆள்" என்று அவனைத்தான் கேலி செய்தோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போதும் அவன் சற்றுச் சாய்ந்துதான் நடப்பான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டான். இதைப் பேசப் போகிறேன் என்றதற்கு, "இப்ப எதுக்குடா அதெல்லாம்" என்று மட்டும் கேட்டான். மலரில் அச்சாகட்டும் என்றுதான்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

பழுதான வண்டியை இழுப்பதற்கு 1989-ம் ஆண்டின் சாலை விதிகளில் தெளிவாகவே எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற ஒர்க் ஷாப் வரைக்கும்தான் இழுக்கலாம். பின் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2017-ல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டது. 1993-ல் நான் மீறியது பழையதை. அதில் லைசென்ஸ் உள்ள ஆளை உட்கார வைத்தேன் என்பது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது.

24 என்பது ஏதோ வாய்க்கு வந்த எண் என்று நினைக்காதீர்கள். நம் இயற்பியல் வகுப்பில் இயக்க ஆற்றல் நடத்தியபோது நான் தூங்கியிருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ. அது என் பின்னால் சும்மா வரவில்லை. நான் பிரேக் போட்டால் அது என்னைத் தள்ள வருகிறது. கயிறு இழுக்கும், ஆனால் தடுக்காது. இழுப்பதற்கு ஒரு குதிரை போதும். நிறுத்துவதுதான் வேலை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். இறக்கத்தில் வண்டியின் பாரம் ஏர்க்கால் வழியாக நுகத்துக்கு வந்து மாட்டின் கழுத்தைத் தள்ளும். ஏர்க்காலுக்குப் பதில் கயிறு கட்டி மாட்டு வண்டி ஓட்டுகிறவன் உண்டா? காருக்கு மட்டும் கட்டுகிறோம்.

இன்னொன்று. இன்றைய கார்களில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும், பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் அப்படியே, திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். முன்னால் போகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு போவான்.

2016-ல் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராண்ட் கேன்யன் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் வண்டி நிறுத்துமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு பஸ். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிற வீடு. அதன் பின்னால் ஒரு ஜீப் ராங்லர், நான்கு சக்கரமும் தரையில், ஸ்டீயரிங்கில் ஆளே இல்லாமல்! அதை ஓட்டி வந்தவர் ஓய்வு பெற்ற மனிதர், என் வயது இருக்கும். மகள் மொழிபெயர்க்க, நான் அடியில் குனிந்து குனிந்து கேள்வி கேட்டேன். அவர் மனைவி காபி போட்டுக் கொடுத்தார்.

பெரிய வண்டியை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்கும் கோயிலுக்கும் போய் வரத்தான் அந்தச் சின்ன வண்டி. இழுக்கப்படுகிற வண்டியை அவர்கள் 'டோட்' என்பார்களாம். ஆங்கிலத்தில் தேரைக்கும் அதே உச்சரிப்பு. தேரைக்குள் நான் பார்த்த விஷயங்கள் இவை.

பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் நடுவே கயிறு இல்லை, 'ஏ' எழுத்து மாதிரி இரும்புச் சட்டம். கூரிய முனை பஸ்ஸில், இரண்டு கால்கள் ஜீப்பின் முன்பக்கச் சட்டத்தில் இரண்டு இடத்தில். இரண்டு இடத்தில் பிடிப்பதால் ஜீப் இழுத்த பக்கம்தான் திரும்ப முடியும். முன் சக்கரங்கள் தாமாகவே பின்தொடரும். கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டும்போது முன் சக்கரம் எப்படி நேராக வருகிறதோ அதே தத்துவம். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடியில் இரண்டு சங்கிலிகள் குறுக்கே பின்னிக் கட்டியிருந்தன. சட்டம் கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். ஜீப்பின் பிரேக் மிதிமேல் ஒரு பெட்டி. பஸ் பிரேக் போட்டால் அது தானே மிதியை அழுத்தும். ஒரு மெல்லிய கம்பி வேறு. எல்லாம் அறுந்து ஜீப் தனியே ஓடினால் அந்தக் கம்பி ஓர் ஊசியைப் பிடுங்கும், உடனே ஜீப் தானே பிரேக் போட்டு நின்றுவிடும்.

"ரிவர்ஸ் போக முடியுமா?" என்று கேட்டேன். முடியவே முடியாதாம். பின் வண்டியின் சக்கரம் முறுக்கிக்கொண்டு சட்டம் வளைந்துவிடும். தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கிக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதற்காகக் கணவன் மனைவிக்குள் சண்டை வரும் என்று அந்த அம்மா சொன்னார்.

எல்லாக் காரையும் இப்படி இழுக்கக் கூடாது. சாதாரண கியர் வண்டியை நியூட்ரலில் போட்டுப் பெரும்பாலும் இழுக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பு இன்ஜினால்தான் ஓடும். இன்ஜின் நிற்க, சக்கரம் சுற்றினால் உள்ளே எண்ணெய் இல்லாமல் காய்ந்து பல்லெல்லாம் கருகிவிடும். ராங்லரில் நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியையே நியூட்ரலில் வைக்கலாம், அதனால்தான் அவர்களுக்கு அது பிடிக்கிறது. ஹோண்டா சி.ஆர்.வி.யை ரொம்பக் காலம் இழுத்தார்கள். 2015 மாடலில் சி.வி.டி. வந்ததும் கம்பெனியே கூடாது என்றுவிட்டது. மின்சாரக் கார் இன்னும் மோசம். சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்துவிடும். இவற்றுக்கெல்லாம் டிரெய்லர்மேல் ஏற்றிக் கொண்டுபோவதுதான் வழி. பாரம் கூடும், ஆனால் டயரும் கியரும் தேயாது, ரிவர்ஸும் வரும். ஏற்றும்போது எடை முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கிமேல் உட்கார வேண்டும். பின்னால் கனத்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும், ஆடினால் நிற்காது.

நம் ஊரில் கேம்பர் பஸ் இல்லை, சரி. ஆனால் சாயங்காலம் வேடசந்தூர் ரோட்டில் நின்று பாருங்கள். கான்கிரீட் மிக்சர் மெஷினை மினி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போவார்கள். கொக்கியில் சரியான பின் இருக்காது, ஒரு போல்ட் போட்டுக் கட்டுக்கம்பியால் சுற்றியிருப்பார்கள். சங்கிலி இருக்காது, பின்னால் விளக்கு இருக்காது. மெஷின்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கிணறு வெட்டுகிற கம்ப்ரசர் வண்டியும் டிராக்டர் டிரெய்லரும் இப்படித்தான். ரோடு நாலு வழியாகி, நம்பரும் நாற்பத்து நாலு ஆகிவிட்டது. பின்னால் வருகிற கார் நூறில் வருகிறது.

அமெரிக்காவில் இருந்து வந்ததும் அந்தச் சட்டத்தின் மாதிரியில் இரண்டு பார் வெல்டிங் பண்ணினேன். இணைப்புப் பலகை, இரண்டு சங்கிலி, நீள ஒயரில் சிவப்பு விளக்கு, 'ஆன் டோ' பலகை எல்லாம் சேர்த்து ஒரு சாக்கில் இருக்கிறது. எல்லாக் காரிலும் மாட்ட முடியாது, முன்பக்கம் இடம் கிடைக்கிற வண்டியில்தான். பெட்டி பிரேக் மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. அதனால் பின் வண்டியில் இன்றைக்கும் ஆளை உட்கார வைத்துத்தான் இழுக்கிறேன். அவர் கையில் ஒரு விசில். அவர் ஊதினால் நான் நிற்க வேண்டும். மெக்கானிக்கல் படிக்கிற தம்பிமார் யாராவது, முன் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தால் பின் வண்டியின் மிதியை அழுத்துகிற ஒரு சாதனத்தைக் குறைந்த செலவில் செய்து தந்தால், சோதித்துப் பார்க்க என் ஜீப்பும் கடையும் இருக்கின்றன.

முதல் முறை அந்தப் பாரை மாட்டி இழுத்தபோது பின் வண்டியில் யார் உட்கார்ந்தது தெரியுமா? மூன்றாவது வரிசைக்காரன்தான். நான் கூப்பிடவில்லை, அவனே வந்து ஏறினான். ஏறியதும் கண்ணாடியை இறக்கிச் சாவியைத் தொட்டுக் காட்டினான். இருக்கிறது என்று தலையாட்டினேன். பிறகுதான் கிளம்பினோம்.

பார் சுவரில் மாட்டியிருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும்.